உதவி நாய் வாங்கலாமா? நீண்டகால நோயோடு வாழ்பவர்களுக்கு நான்கு வழிகள்

கரூரில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்குச் சரவாங்கி, அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம். காலையில் விரல் மடங்கவே வெகுநேரம் ஆகிறது. கீழே விழுந்த சாமானைக் குனிந்து எடுக்க முடிவதில்லை. பல்லடத்தில் ஓர் அப்பாவுக்கு வேறு கவலை. மகனுக்கு டைப் 1 சர்க்கரை. நடுராத்திரியில் சர்க்கரை இறங்கினால் அவனை யார் எழுப்புவது? சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒருவருக்கு வலிப்பு வருகிறது. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. மூவருமே வெளிநாட்டு வீடியோக்களில், உடம்பு முடியாதவருக்கு உதவப் பழக்கிய சேவை நாய்களைப் பார்த்துவிட்டு, நமக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா, வாங்கினால் சரிப்பட்டு வருமா என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்கும் சரவாங்கிதான். கோபி பக்கம் தோட்டத்து வீட்டில், சில வேலைகள் பழகிய ஒரு நாயோடு இருக்கிறேன். கொங்குச் சீமையில் இருந்துகொண்டு யோசித்தால் நமக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. பயிற்சி முடித்த நாயை வாங்கலாம். குட்டி வாங்கி நாமே பழக்கலாம். வளர்ந்த நாய்க்கு வீட்டு வேலைகள் இரண்டு மூன்றை மட்டும் கற்றுத் தரலாம். நாயே இல்லாமல் கருவியையும் ஆளையும் வைத்துச் சமாளிக்கலாம். எதை எடுப்பது என்பதை உங்களுடைய நல்ல நாளை மனதில் வைத்து முடிவு செய்யாதீர்கள். மாதத்தில் மிக மோசமான நாள் எதுவோ, அந்த நாளில் இந்த ஏற்பாடு உங்களைத் தாங்குமா, இல்லை நீங்கள் அதைத் தாங்க வேண்டியிருக்குமா என்று பாருங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

வேலை. நாய் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். "துணையாக இருக்கணும்" என்று மட்டும் எழுதினால் போதாது. "கீழே விழுந்த கைத்தடியை எடுத்துக் கையில் தரணும்", "நான் விழுந்தால் பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்பணும்" என்கிற அளவுக்குத் தெளிவு வேண்டும். அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளும், குறைபாட்டோடு தொடர்புள்ள ஒரு வேலைக்குத் தனியாகப் பயிற்சி பெற்ற நாயைத்தான் சேவை நாய் என்கின்றன. பக்கத்தில் இருந்து ஆறுதல் தருவது மட்டும் அதில் சேராது. ஆறுதல் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்கு மட்டும்தான் நாய் என்றால் பயிற்சிக்குப் பெரிய செலவு தேவையில்லை.

மோசமான நாளில் யார் பார்ப்பார்கள். படுக்கையை விட்டு எழ முடியாத நாளிலும் நாய் வெளிக்குப் போக வேண்டும், சாப்பிட வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அது யாரிடம் இருக்கும்? இந்தக் கேள்விக்கு ஓர் ஆளின் பெயர் பதிலாக வர வேண்டும்.

எங்கெல்லாம் கூட வர வேண்டும். நம் ஊர் நிலைமை வெளிநாட்டு வீடியோக்களில் இருப்பது போல இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, சமவாய்ப்பையும் பொது இடங்களை அணுகும் உரிமையையும் தருகிறது. ஆனால் உதவி நாயோடு ஓட்டலுக்குள், பஸ்ஸுக்குள், ஆஸ்பத்திரிக்குள் போகலாம் என்று தனியாக எழுதி வைக்கவில்லை. டைப் 1 சர்க்கரையும் வலிப்பும் அந்த 21-ல் பெயரோடு இல்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் நடத்துனர் ஏற்ற மாட்டார். ரயிலில் வளர்ப்பு நாயோடு போக வேண்டுமென்றால் ஏசி முதல் வகுப்பில் கூப்பே என்ற சிறு தனியறை முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ரயில் கார்டின் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் விட வேண்டும். அபார்ட்மெண்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

உங்கள் மருந்து. சரவாங்கிக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு, பயாலஜிக்ஸ் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும். ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்தால் தோலும் மெலிந்துவிடும், குட்டியின் நகம் பட்டாலே கிழியும். எதிர்ப்பு குறைந்தவர்களுக்குச் சிறு பிராண்டலுக்கும் ரேபிஸ் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் சேர்த்துப் போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே தெருநாய் பிராண்டி ஊசி போடப் போனால், என்ன மருந்து எடுக்கிறோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாய் வாங்கும் யோசனையை முதலில் உங்கள் மூட்டு டாக்டரிடம் பேசுங்கள், கால்நடை டாக்டரை அப்புறம் பார்க்கலாம்.

வெயில். தமிழ்நாட்டில் அதிக வெயில் பதிவான ஊர்களின் பட்டியலில் கரூர் பரமத்தி அடிக்கடி வருகிறது. ஈரோடும் சேலமும் பின்தங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடும் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் கொஞ்சம் ஆசுவாசம். அடர்ந்த ரோமம் உள்ள லாப்ரடாரைச் சித்திரையில் மத்தியான ரோட்டில் நடத்த முடியாது. புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

## வழி 1: பயிற்சி முடித்த நாயை வாங்குவது

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொண்டு அமைப்புகள் குட்டியைத் தேர்ந்தெடுத்து, வளர்த்து, ஏறக்குறைய இரண்டு வயது வரை பழக்கித்தான் கொடுக்கின்றன. ஒரு நாய்க்கு 20,000 டாலருக்கு மேல் ஆகிறது. அதன் பெரும்பகுதியை நன்கொடை ஏற்கிறது. பெயர் பதிந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். அங்கேயும் பயிற்சிக்கு எடுக்கும் நாய்களில் கணிசமானவை தேறுவதில்லை. அப்படிப் பெயர் பதிந்து நாய் வாங்கும் ஏற்பாடு நம் பக்கம் இல்லை.

இங்கே "டிரெயின்டு" என்று விற்கும் நாய்களில் பெரும்பாலானவை உட்கார், வா, இரு என்ற கட்டளைகளுக்குப் பழகியவைதான். அது நல்ல அடித்தளம். ஆனால் நீங்கள் தாளில் எழுதிய வேலை அதில் இருக்காது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்த வேலையை உங்கள் வீட்டில், உங்கள் குரலுக்கு, விற்பவர் பக்கத்தில் இல்லாமல் செய்து காட்டச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு எக்ஸ்ரே கேளுங்கள், லாப்ரடாருக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் அங்கேதான் பிரச்சினை வரும். ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். இணையத்தில் பணம் கட்டினால் வரும் சேவை நாய்ச் சான்றிதழுக்கும் சட்டைக்கும் அமெரிக்காவிலேயே சட்ட மதிப்பு இல்லை, இங்கே எதற்கு?

இந்த வழி பொருந்துவது பார்வை இல்லாதவர்களுக்கு, வெளிநாட்டில் இப்படி ஒரு நாயோடு வாழ்ந்து ஊர் திரும்புபவர்களுக்கு, பணம் தடையாக இல்லாதவர்களுக்கு. மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. கற்ற வேலையைத் தினமும் செய்ய வைக்காவிட்டால் நாய்க்கு மங்கிப்போகும். விருந்தாளி ஆளாளுக்குக் கூப்பிட்டு முறுக்குப் போடும் வீட்டில் சீக்கிரமே மங்கும்.

## வழி 2: குட்டி வாங்கி நாமே பழக்குவது

எல்லோருக்கும் பிடித்த வழி இதுதான், நோயாளியை அதிகம் சோதிப்பதும் இதுதான். குட்டியின் பஞ்சு முகத்தைப் பார்த்து முடிவெடுத்து விடுகிறோம்.

முதல் நான்கு மாதம் தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே விட முடியாது, குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பயம். ராத்திரியில் இரண்டு முறையாவது எழுந்து வெளியே தூக்கிப் போக வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை கற்றதை எல்லாம் மறந்தது போல நடக்கும், இருபது கிலோ எடையில் கயிற்றை இழுக்கும். கை மூட்டு வீங்கியிருக்கும் காலையில் அந்த இழுப்பை நினைத்துப் பாருங்கள். உதவி நாய் வைத்திருப்பவர்களின் சர்வதேச அமைப்பு ஒன்று, குறைந்தபட்சப் பயிற்சியாக ஆறு மாதத்தில் 120 மணி நேரம் சொல்கிறது, அதில் 30 மணி நேரம் பொது இடங்களில். அடிப்படை ஒழுக்கம் வந்த நாய்க்கே இந்தக் கணக்கு. இரண்டு வயதுக்கு முன் முழு வேலையை எதிர்பார்க்காதீர்கள். பத்து வயதில் ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும்.

எந்தக் குட்டி? லாப்ரடாருக்கு எடுத்து வந்து தருவது பிறவிக் குணம், ஆட்களோடு ஒட்டும். அதற்கு ஈடாக வெயில், உடல் பருமன், முடி உதிர்வு. ராஜபாளையத்துக்குக் காவல் குணம் அதிகம், தெரியாத ஆள் வந்தால் பாயும். ஆம்புலன்ஸ் ஆள் உள்ளே வர வேண்டிய வீட்டுக்கு அது ஆகாது. சிப்பிப்பாறையும் கன்னியும் வெயில் தாங்கும், பார்க்க அழகு, ஆனால் ஓடும் முயலைக் கண்டால் உங்கள் கட்டளை காதில் விழாது.

பயிற்சியாளரை அமர்த்தும் முன் அவர் வேறு நாயைப் பழக்குவதை ஒரு முறை போய்ப் பாருங்கள். அடிப்பவர், கழுத்தைச் சங்கிலியால் சுண்டுபவர் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பயந்து வேலை செய்யும் நாய், நீங்கள் வலிப்பில் விழும் நேரத்தில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும்.

வீட்டில் உடல் திடமான ஒருவர் "குட்டி என் பொறுப்பு" என்று வாயால் சொல்லி, கையாலும் செய்வார் என்றால் இந்த வழி நல்லது. வளரும் பிள்ளைக்குத் துணை தேடும் பெற்றோருக்கும் பொருந்தும். தனியாக இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழி 3: வளர்ந்த நாய், வீட்டுக்குள் இரண்டு மூன்று வேலை

கொங்குப் பகுதியில் உடம்பு முடியாத பலருக்கு இதுதான் நடக்கக்கூடியது என்பது என் கருத்து. வெளியிடத்தில் நுழையும் உரிமை உறுதியில்லாத ஊரில், நாயின் வேலையில் பெரும்பகுதி வீட்டு நிலைப்படிக்கு உள்ளேதான். அப்படியானால் அதற்கு ஏற்ற நாயாகவே பார்க்கலாமே.

இரண்டு வயது தாண்டிய நாயின் குணம் கண்ணுக்கு முன்னால் தெரியும். சத்தத்துக்கு மிரள்கிறதா, சாப்பாட்டில் கை வைத்தால் உறுமுகிறதா, தெரியாத ஆளிடம் எப்படி நடக்கிறது என்று பார்த்து எடுக்கலாம். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்து ஓரத்தில் வளர்ந்த நாட்டு நாய்கள் இரைச்சலுக்குப் பழகியவை. நாட்டு நாய் வெயிலும் தாங்கும். வீட்டில் ஏற்கெனவே சாதுவான நாய் இருந்தால் அதிலேயே தொடங்கலாம்.

கற்றுத் தர வேண்டிய வேலைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். எலெக்ட்ரிக்கல் கடையில் வயர் இல்லாத காலிங் பெல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் பொத்தானை நாயின் மூக்கு உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். மணி ஒலிக்கும் பெட்டியைப் பக்கத்து அறையிலோ, எட்டுகிற தூரமென்றால் பக்கத்து வீட்டிலோ வையுங்கள். முதலில் பொத்தான் மேல் கொஞ்சம் வேகவைத்த கோழித் துணுக்கின் வாசம் தடவி, மூக்கால் தொட்டதும் துணுக்கைக் கொடுங்கள். அழுத்தி மணி அடித்தால் மட்டும் கொடுப்பது அடுத்த படி. அப்புறம் "மணி" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். கடைசியாக, நீங்கள் தரையில் படுத்துக்கொண்டு சொல்லிப் பழக்க வேண்டும். நின்றுகொண்டு சொன்ன கட்டளையும் படுத்துக்கொண்டு சொன்ன கட்டளையும் நாய்க்கு வேறு வேறு என்பதால் இந்தக் கடைசிப் படியை விடவே கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் அது கட்டுப்படியாகும்.

மருந்து எடுத்து வரச் சொல்லிப் பழக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாத்திரைப் பட்டையை நாயின் வாயில் கொடுக்கவே கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால், மெத்தோட்ரெக்சேட் எல்லாம் நாய்க்கு விஷம். ஜிப் வைத்த தடித்த துணிப் பையில் போட்டு, பையின் கைப்பிடியை மட்டும் கவ்வப் பழக்குங்கள். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த சூயிங்கமும் மிட்டாயும் இருந்தால் அதையும் எட்டாத இடத்தில் வையுங்கள், கொஞ்சம் தின்றாலே நாய்க்கு உயிர் ஆபத்து.

இன்னொன்று, நாயின் முதுகில் கையூன்றி எழாதீர்கள். வீடியோவில் அழகாக இருக்கும். அதன் முதுகெலும்பும் தோளும் அந்தப் பாரத்துக்கு ஆனவை இல்லை. ஊன்றி எழ வாக்கர் இருக்கிறது, குளியலறைச் சுவரில் கம்பி அடிக்கலாம். அவை நழுவாது, வயதாகாது.

செலவு? நடுத்தர உடம்புள்ள நாய்க்குச் சாப்பாடு, தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து சேர்த்து என் கணக்கில் மாதம் மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாது. லாப்ரடார் என்றால் ஐந்தாயிரத்தை நெருங்கும். மாட்டுக் கட்டுத்தரை உள்ள தோட்டத்தில் உண்ணிதான் பெரிய எதிரி. உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை, மருந்து என்று ஒரே வாரத்தில் பல ஆயிரம் போகும். பெரிய சிகிச்சைக்கு நாமக்கல், உடுமலைப்பேட்டை, தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பது நம் பக்கத்துக்குப் பெரிய வசதி. இவ்வளவு கல்லூரிகள் பக்கத்தில் இருப்பது எல்லா மண்டலத்துக்கும் வாய்க்காது.

பணத்தில் சேராத ஒரு செலவும் உண்டு. தோட்டத்து வீடுகளில் நாய்க்கு இடம் வாசலும் பட்டியும்தான். "வாசல்ல கட்டற நாயை ஊட்டுக்குள்ள உடறதா அம்மிணி?" என்று என் அமுச்சி (பாட்டி) கேட்டது கோபத்தில் இல்லை, அவர் வளர்ந்த முறை அது. பெரியவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பூசை அறைக்கும் சமையல் அறைக்கும் நாய் வராது என்று எல்லை போட்டுக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். நாய் கைத்தடியை எடுத்துத் தருவதைக் கண்ணால் பார்த்தால் மீதியும் தீரும்.

## வழி 4: நாய் இல்லாமல், கருவியும் ஆளும்

இதைத் தோல்வியாக யாரும் நினைக்க வேண்டாம். சில நோய்களுக்கு இதுதான் முதல் வழி, நாய் அதற்கு மேல் சேர்வது.

பல்லடத்து அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை இறங்கும்போது மூச்சில் ஐசோப்ரீன் என்ற வேதிப்பொருள் கூடுவதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். நாய் மோப்பம் பிடிப்பது அதையாக இருக்கலாம் என்கிறார்கள். 2019-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், பயிற்சி பெற்ற 27 நாய்களைத் திறமைப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் வரும் நாய், சர்க்கரை இறங்கிய தருணங்களில் 83 சதவீதத்தைக் கண்டுபிடித்திருந்தது. 2017-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் பாதியைக்கூடத் தொடவில்லை. நாய்க்கு நாய் அவ்வளவு வித்தியாசம். நாயும் ராத்திரியில் தூங்கும். கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார் தூங்காது. ஒரு சென்சார் இரண்டு வாரம் வரும், விலை ஐந்தாயிரம் ரூபாய் வாக்கில், மாதத்துக்கு இரண்டு. அது பெரிய பாரம்தான், இருந்தாலும் மகனின் உயிருக்கு முதல் காவல் அதுதான். அதன் மேல் நாயையும் சேர்க்கலாம். சென்சாரின் அலாரம் அடித்தால் ஓடிப்போய் அப்பாவை எழுப்ப நாயைப் பழக்குவது, மூச்சை மோந்து சொல்லப் பழக்குவதைவிட எத்தனையோ எளிது, உறுதியும் அதிகம்.

வலிப்பிலும் இதே கதைதான். வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் நாயைப் பழக்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சில நாய்கள் தாமாக உணர்கின்றன, ஆனால் அதை உறுதியாகக் கற்றுக்கொடுக்க முடிவதில்லை. வந்த பிறகு மணி அழுத்துவதும், பக்கத்திலேயே இருப்பதும் கற்றுக்கொடுக்கக்கூடியவை.

ஆள் வைப்பது என்றால் ஏஜென்சி மூலம் பகல் நேரத்துக்கு மட்டும் மாதம் இருபதாயிரத்தைச் சுற்றி ஆகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன, கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கடும் ஊனம், தசைச்சிதைவு, பார்க்கின்சன் போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். நாய் வாங்கும் முன் இந்த இரண்டையும் முடித்துவிடுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| | பயிற்சி முடித்தது | குட்டி | வளர்ந்த நாய், வீட்டு வேலை | கருவியும் ஆளும் |
|---|---|---|---|---|
| பயன் தொடங்க | கிடைத்தால் உடனே | இரண்டு ஆண்டு | சில மாதங்கள் | உடனே |
| முதல் செலவு | மிக அதிகம் | நடுத்தரம், பிறகு ஏறும் | குறைவு | கருவியைப் பொறுத்தது |
| மோசமான நாளில் | உதவும், ஆனால் பார்க்க ஆள் வேண்டும் | பாரம் | பெரும்பாலும் உதவும், பார்க்க ஆள் வேண்டும் | பாரம் இல்லை |
| வெளியிடம் | உரிமை உறுதியில்லை | உரிமை உறுதியில்லை | தேவையில்லை | தடையில்லை |
| தனிமைக்கு | ஆறுதல் | ஆறுதல், அலைச்சலோடு | ஆறுதல் | ஆளைப் பொறுத்தது |

## மூன்று பேருக்கும் என் பதில்

கரூர் அம்மாவுக்கு மூன்றாவது வழி. சாதுவான, வெயில் தாங்கும் வளர்ந்த நாட்டு நாய், அதுவும் காலையில் அதை வெளியே கூட்டிப்போகப் பக்கத்து வீட்டுப் பையனோ வேலைக்கு வருபவரோ ஒப்புக்கொண்டால் மட்டும். கைத்தடி எடுப்பது, செருப்பு எடுப்பது, மணி அழுத்துவது என்று மூன்று வேலை போதும்.

பல்லடத்து அப்பா சென்சாரில் தொடங்கட்டும். வீட்டில் திடமான இருவர் இருப்பதால் பிறகு குட்டியும் வாங்கலாம். மகனே பழக்கினால் அவனுக்கும் நல்லது.

சத்தியமங்கலத்துக்காரர் முதலில் காலிங் பெல்லையும், விழுந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும் கைக்கடிகாரத்தையும் பார்க்கட்டும். ஆளைச் சேரும் தூரத்துக்கு ஓர் ஏற்பாடு இல்லாமல் நாய் மணி அடித்துப் பயனில்லை. அது சரியான பிறகு நாயைப் பார்க்கலாம்.

மூவரும் வாங்கும் முன் ஒன்றைச் செய்யுங்கள். சொந்தத்திலோ தெரிந்தவர் வீட்டிலோ இருக்கும் சாதுவான நாயை, அவர்கள் ஊருக்குப் போகும் சாக்கில் இரண்டு மூன்று வாரம் வாங்கி வைத்துப் பாருங்கள். அந்த நாள்களில் உங்களுக்கு ஒரு மோசமான நாளாவது வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் சில நாள் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு நாய்க்குச் சோறு வைத்தது யார், வெளியே கூட்டிப்போனது யார், ராத்திரி கதவைத் திறந்தது யார் என்று குறித்து வைத்து, அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.